ட்ரில் பிட்டில் ஏன் இரும்புத்தூள் ஒட்டுகிறது? எஃகுக் கருவிகளில் காந்தம் ஏறுவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோவையில் சிறிய டூல் ரூம் ஒன்றில் பல வருடங்களாக வேலை பார்க்கிறேன். புதிதாக வரும் பையன்கள் முதல் மாதத்திலேயே கேட்கும் கேள்வி இது: "அண்ணா, இந்தத் திருப்புளியில மேக்னட் ஏறியிருக்கு, எப்படி ஏறுச்சு?" உரிமம் பெற்ற துப்பாக்கி வைத்திருக்கும் நண்பர் ஒருவரும் ஒருநாள் அதே கேள்வியோடு வந்தார். அவர்களுக்குச் சொன்ன பதில்களைச் சேர்த்து இங்கே எழுதியிருக்கிறேன்.

காந்தம் ஏறியிருக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ட்ரில் பிட்டைப் பார்த்தாலே தெரிந்துவிடும். துளை போட்டு முடித்துத் துணியால் துடைத்த பிறகும், முனையில் மெல்லிய இரும்புத்தூள் முள்முள்ளாகக் குத்திட்டு நிற்கும். ஊதினால் சாயும், ஆனால் விழாது. விரலால் வழித்து எடுத்தால் விரலுக்கும் பிட்டுக்கும் நடுவில் ஒரு கணம் இழுபட்டு, பிறகு பிட்டுக்கே திரும்பிப் போகும்.

மற்றக் கருவிகளுக்குக் குண்டூசி போதும். அதைவிடச் சின்னதாகக் காந்தம் ஏறியிருந்தால் திசைகாட்டியை வைத்துப் பாருங்கள். இதில் ஒரு விஷயம் முக்கியம். திசைகாட்டியின் முள் கருவியை நோக்கித் திரும்பினால் மட்டும் காந்தம் என்று முடிவு கட்டக் கூடாது. காந்தமே இல்லாத வெறும் இரும்பும் முள்ளை இழுக்கும். கருவியின் ஒரு முனை முள்ளின் வடமுனையை இழுத்து, மறுமுனை அதைத் தள்ளினால்தான் காந்தம் ஏறியிருக்கிறது என்று அர்த்தம். தள்ளுவதுதான் சாட்சி.

காந்தத்தின் பக்கமே போகாத கருவியில் எப்படி ஏறியது?

எல்லோரையும் குழப்புவது இதுதான். இரும்புக்குள் காந்தம் புதிதாக எங்கிருந்தோ வந்து நுழைவதில்லை, ஏற்கெனவே உள்ளே இருக்கிறது. இரும்பின் ஒவ்வோர் அணுவும் ஒரு குட்டிக் காந்தம். பக்கத்துப் பக்கத்து அணுக்கள் ஒரே திசை பார்த்து நின்று சின்னச் சின்னக் கூட்டங்களாகச் சேர்கின்றன. இந்தக் கூட்டங்களைத்தான் டொமைன் என்கிறார்கள். பிரெஞ்சு இயற்பியலாளர் பியர் வைஸ் 1907-இல் இந்தக் கருத்தை முன்வைத்தார். சாதாரண இரும்பில் ஒரு கூட்டம் கிழக்கே பார்க்கும், அடுத்தது மேற்கே பார்க்கும், இன்னொன்று மேலே பார்க்கும். ஒன்றின் இழுப்பை இன்னொன்று அடித்துவிடுவதால் வெளியே ஒன்றும் தெரியாது. ஏதாவது ஒரு காரணத்தால் ஒரு திசையைப் பார்க்கும் கூட்டங்கள் கொஞ்சம் பெருத்து, மற்றவை சுருங்கிவிட்டால், அதைத்தான் நாம் காந்தம் ஏறிவிட்டது என்கிறோம்.

அந்தக் காரணங்களில் ஒன்று எப்போதும் நம்மைச் சுற்றியே இருக்கிறது. அது பூமியின் காந்தப்புலம். நம் பக்கத்தில் அது ஏறத்தாழ 40 மைக்ரோடெஸ்லா, அதாவது 0.4 காஸ். பிரிட்ஜ் கதவில் ஒட்டும் பொம்மைக் காந்தத்தின் முகப்பில் இதைப் போல நூறு மடங்குக்கும் மேல் இருக்கும். இவ்வளவு மெலிந்த புலம் எஃகை என்ன செய்துவிடும் என்று கேட்கலாம். சும்மா கிடக்கும் எஃகை அதிகம் செய்யாது. அடி விழும் எஃகின் கதை வேறு. டொமைன்களுக்கு நடுவிலுள்ள எல்லைகள் உலோகத்தின் கார்பைடு துகள்களிலும் படிகக் குறைகளிலும் மாட்டிக்கொண்டு நிற்கின்றன. ஒரு அடி விழும்போது அந்தப் பிடி சற்று நழுவுகிறது. நழுவும் அந்த நேரத்தில் பூமியின் புலம் எந்தப் பக்கம் தள்ளுகிறதோ, எல்லை அந்தப் பக்கம் நகர்ந்து அங்கே மறுபடி மாட்டிக்கொள்கிறது. உளி, சுத்தியல், பஞ்ச், ட்ரில் பிட் எல்லாம் நாள் முழுக்க இப்படி அடியும் அதிர்வும் வாங்குபவை.

இது நானூறு வருடத்துக்கு முன்பே தெரிந்த விஷயம். இங்கிலாந்து ராணி முதலாம் எலிசபெத்தின் மருத்துவர் வில்லியம் கில்பர்ட் 1600-இல் எழுதிய நூலில் ஒரு கொல்லன் படம் இருக்கிறது. பழுக்கக் காய்ச்சிய இரும்புக் கம்பியை வடக்கு தெற்காக வைத்து அடிக்கிறான், ஆறிய பிறகு அது காந்தமாக இருக்கிறது. கட்டடங்களில் இருபது வருடத்துக்கு மேல் வடக்கு தெற்காகப் பதிந்திருந்த இரும்புக் கம்பிகளும் காந்தமாகியிருந்ததை அவர் குறிப்பிடுகிறார். அடுப்பும் சம்மட்டியும் தவிர வேறு எதுவும் அங்கே தேவைப்படவில்லை.

பெரிய அளவில் இதே கதை கப்பல்களுக்கும் நடந்தது. கட்டும் தளத்தில் மாதக்கணக்காக ஒரே திசையில் கிடந்து, ஆயிரக்கணக்கான ரிவெட் அடிகளை வாங்கிய எஃகுக் கப்பல், தண்ணீரில் இறங்கும்போதே ஒரு காந்தமாக இறங்கும். இரண்டாம் உலகப் போரின் தொடக்கத்தில் ஜெர்மானியர்கள் கடலடியில் போட்ட கண்ணிவெடிகள், மேலே போகும் கப்பலின் காந்தத்தை உணர்ந்து வெடித்தன. 1939 நவம்பர் 23 அன்று இங்கிலாந்தின் ஷூபரினஸ் கடற்கரைச் சேற்றில் சிக்கிய ஒன்றைப் பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி ஜான் ஊவ்ரியின் குழு பிரித்துப் பார்த்தபோதுதான் அந்த ரகசியம் வெளிவந்தது. அப்புறம் கப்பலைச் சுற்றி மின்கம்பி கட்டிக் காந்தத்தை அடக்கினார்கள். அந்த வேலைக்கு டிகாஸிங் என்று பெயர் வைத்தவர் சார்லஸ் குட்ஈவ். பழைய டிவியில் கலர் திட்டுத் திட்டாகப் போனால் மெக்கானிக் வளையம் போன்ற காயிலைத் திரை முன்னால் சுற்றுவாரே, அதற்கும் இதே பெயர்தான்.

தமிழ்நாட்டிலும் அப்படித்தானா?

இங்கே ஒரு வித்தியாசம் இருக்கிறது. வெளிநாட்டுக் குறிப்புகளைப் படிப்பவர்கள் பலரும் இதைக் கவனிப்பதில்லை. லண்டனில் பூமியின் காந்தப்புலம் ஏறத்தாழ 66 டிகிரி கோணத்தில் நிலத்துக்குள் சரிந்து இறங்குகிறது. அதனால் அங்கே செங்குத்தாக நிற்கும் எதுவும், வேலிக் கம்பியோ ட்ரில் மெஷினில் நிற்கும் பிட்டோ, காந்தம் பிடிக்க வசதியான நிலையில் இருக்கிறது. நம் பக்கம் அப்படியில்லை. காந்த நடுக்கோடு தென்னிந்தியாவின் தெற்கு முனையை ஒட்டிப் போகிறது. 1963-இல் முதல் ராக்கெட் ஏவிய தும்பாவை, திருவனந்தபுரம் பக்கத்துக் கடலோர ஊரை, தேர்ந்தெடுத்ததற்கு முக்கியக் காரணமே அதுதான். இங்கே புலம் கிட்டத்தட்டப் படுக்கையாக ஓடுகிறது.

ஆகவே நம் ஊரில் செங்குத்தாக நிற்கும் கருவிக்குப் பூமியால் பெரிய தொந்தரவு இல்லை. வடக்கு தெற்காகப் படுத்துக் கிடப்பதுதான் மாட்டும். பட்டறை மேசையின் வைஸ் பிடியில் வடக்கு தெற்காகப் பிடித்து நீளவாக்கில் அடிக்கும் கம்பியைத் திசைகாட்டியில் காட்டிப் பாருங்கள். பிறகு இன்னொரு கம்பியைக் கிழக்கு மேற்காகப் பிடித்து அதே அளவு அடித்துப் பாருங்கள்.

சரி, எங்கள் பட்டறையில் எல்லாப் பிட்டிலும் ஏறுகிறதே, அதற்கும் பூமிதான் காரணமா?

பெரும்பாலும் இல்லை. பூமியால் ஏறுவது லேசாகத்தான் இருக்கும். குண்டூசியைத் தூக்கும் அளவுக்கு ஏறியிருந்தால் பட்டறைக்குள்தான் தேட வேண்டும். நான் முதலில் பார்ப்பது டயல் கேஜ் என்ற அளவுமானியைத் தாங்கி நிற்கும் காந்த அடிக்கட்டையை, அதாவது மேக்னட்டிக் பேஸை. அதை எந்த டிராயரில் வைத்திருக்கிறார்கள், கூட என்ன கிடக்கிறது என்று பாருங்கள். அடுத்தது, சாணை பிடிக்கும் சர்பேஸ் கிரைண்டரில் ஜாபை (வேலை செய்யும் பாகத்தை) காந்தத்தால் பிடித்துக்கொள்ளும் மேக்னட்டிக் சக். அதில் வைத்துச் சாணை பிடித்த ஒவ்வொரு ஜாபும் கொஞ்சம் காந்தத்தோடுதான் வெளியே வரும். ஸ்க்ரூ போட்டு வைக்கும் காந்தத் தட்டு, காந்த முனை வைத்த பிட் ஹோல்டர், பழைய ஸ்பீக்கர், கீழே விழுந்த நட்டைப் பொறுக்கும் காந்தக் குச்சி எல்லாம் இதே வகை. இப்போது வரும் நியோடிமியம் காந்தங்கள் பிரிட்ஜ் காந்தத்தை விட எத்தனையோ மடங்கு வலுவானவை. ஒரு தடவை உரசினாலே போதும்.

வெல்டிங்கையும் மறக்காதீர்கள். பழைய டிரான்ஸ்பார்மர் மெஷின் ஏசி கரண்ட் கொடுத்தது. அது ஒரு விநாடிக்கு 50 சுற்று முன்னும் பின்னும் மாறுவதால் ஒரு திசையில் ஏற்றாது. இப்போதைய இன்வெர்ட்டர் மெஷின்கள் பெரும்பாலும் டிசி. கேபிளை ஜாபின் மேல் இரண்டு மூன்று சுற்றுச் சுற்றிவிட்டு நூறு ஆம்பியரில் வெல்டிங் அடித்தால், நீங்களே ஒரு மின்காந்தம் செய்துவிட்டீர்கள். பைப் வேலையில் காந்தம் ஏறிவிட்டால் வெல்டிங் தீப்பொறியான ஆர்க் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போகும், வெல்டிங் வரி சரியாக உட்காராது.

திருப்புளியில் ஏறுகிறது, கட்டுக்கம்பியில் ஏன் தங்குவதில்லை?

கட்டுக்கம்பி மெத்தென்ற இரும்பு. காந்தத்தைக் காட்டினால் உடனே ஒட்டும், எடுத்தால் உடனே மறக்கும். திருப்புளி, அரம், துளைக்குள் மரை வெட்டும் டேப், ட்ரில் பிட் எல்லாம் கார்பன் கூடியவை, தண்ணியில் அல்லது எண்ணெயில் தோய்த்துக் கெட்டிப்படுத்தியவை. கெட்டிப்படும்போது உள்ளே உண்டாகும் அதே சிக்கல்கள்தான் டொமைன் எல்லைகளையும் பிடித்துவைக்கின்றன. அதனால் ஏறுவதற்கு வலுவான புலம் வேண்டும், ஏறினால் எளிதில் இறங்காது. புத்தகத்தில் இதைக் காந்த நீக்குத்திறன் என்று போட்டிருப்பார்கள். நல்ல டேப் என்றால் காந்தத்தையும் நன்றாகப் பிடித்துக்கொள்ளும் என்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

எவர்சில்வர் டம்ளரில் விளிம்பு மட்டும் காந்தத்தில் ஒட்டுகிறதே?

304 வகை ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் நிக்கல் சேர்த்திருப்பதால் அதன் படிக அமைப்பு வேறு. காந்தம் அதில் ஒட்டாது. ஆனால் குளிர்நிலையில் வளைத்து, மடித்து, அடித்து உருவாக்கும்போது, மடங்கிய இடத்தில் அந்த அமைப்பு கொஞ்சம் மாறிக் காந்தம் ஒட்டும் வகையாகிவிடுகிறது. டம்ளரின் மடித்த விளிம்பில் லேசாக ஒட்டுவது அதனால்தான். போலிச் சரக்கு என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போக வேண்டாம்.

காந்தம் ஏறினால் என்ன கெட்டுவிடும்? திருப்புளிக்கு நல்லதுதானே?

ஸ்க்ரூவைப் பிடித்துக்கொள்ளும் திருப்புளி எனக்கும் பிடிக்கும். எலக்ட்ரீஷியன் ஏணி மேல் நின்று வேலை பார்க்கும்போது அது பெரிய உதவி. அளவெடுக்கும் கருவியிலும் வெட்டும் கருவியிலும்தான் பிரச்சினை.

என் கண் முன்னால் நடந்த ஒன்று. ஒரு மைக்ரோமீட்டரை மேக்னட்டிக் பேஸ் இருந்த டிராயரிலேயே யாரோ போட்டுவைத்திருந்தார்கள். மறுநாள் ஷாஃப்ட் கிரைண்டிங். ஒவ்வொரு தடவையும் துடைத்துத்தான் அளந்தோம். அளவு 0.02 மில்லிமீட்டர் கூடவே காட்டியது, ஆபரேட்டர் இன்னும் கொஞ்சம் எடுத்தார். நாற்பது ஷாஃப்ட் முடிந்து வேறு மைக்ரோமீட்டரில் பார்த்தபோது எல்லாமே 0.02 குறைவு. லென்ஸ் வைத்துப் பார்த்தால், ஆன்வில் முகத்தின் (அளக்கும்போது ஜாபைத் தொடும் பக்கத்தின்) ஓரத்தில் கண்ணுக்குத் தெரியாத அளவு கிரைண்டிங் தூள். துடைக்கும் துணி அதை நகர்த்தியது, காந்தம் திரும்ப இழுத்து வைத்துக்கொண்டது. நாற்பதும் ஸ்கிராப்புக்குப் போனது. காந்தத்தைப் பற்றி நான் அக்கறையோடு படிக்க ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான்.

டேப் இன்னொரு பாவம். எம்.5, எம்.6 போன்ற சின்ன டேப்பில் காந்தம் ஏறினால் பிசிறு வெளியே வராமல் பள்ளத்திலேயே அடைத்துக்கொள்ளும். அடைத்துக்கொண்ட டேப்பைத் திருப்பினால் துளைக்குள்ளேயே முறியும். கைக்கடிகாரத்தில் ஹேர்ஸ்பிரிங்கின் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், சுருள் குட்டையானது போல ஆகிக் கடிகாரம் வேகமாக ஓடும். கடிகாரம் பழுது பார்ப்பவர்கள் காந்தம் ஏறாத இடுக்கியைத் தேடி வாங்குவது அதற்காகத்தான்.

துப்பாக்கிப் பாகங்களில் எப்படி ஏறுகிறது?

நண்பர் கேட்டது இதைத்தான். அவருடைய துப்பாக்கியின் போல்ட்டை, அதாவது தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் பாகத்தை, துடைக்கும்போது மெல்லிய இரும்புத்தூள் போகவே மாட்டேன் என்கிறதாம். மூன்று வழிகளில் இது நடக்கலாம்.

முதல் வழி, தொழிற்சாலையிலேயே ஏறியது. பேரல் (துப்பாக்கிக் குழல்), போல்ட் போன்ற அழுத்தம் தாங்கும் பாகங்களில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு இருக்கிறதா என்று பார்க்க, அந்தப் பாகத்தையே வேண்டுமென்று காந்தமாக்கி, நுண்ணிய இரும்புத் துகள் கலந்த திரவத்தை ஊற்றுவார்கள். வெடிப்பு உள்ள இடத்தில் காந்தப்புலம் வெளியே கசிவதால் துகள்கள் அங்கே கோடாகக் கூடிவிடும். அமெரிக்க எம்-16 வகைத் துப்பாக்கிகளின் பேரலில் எம், பி என்ற இரண்டு ஆங்கில எழுத்துகளைப் பொறிப்பது இந்தச் சோதனை முடிந்ததற்கான அடையாளம். சோதனை முடிந்ததும் காந்தத்தை இறக்க வேண்டும். விமான பாகங்கள் போன்ற கண்டிப்பான வேலைகளில் மிச்சம் 3 காஸுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது வழக்கமான வரம்பு. இந்த இறக்கும் வேலையை அரைகுறையாகச் செய்தால் காந்தம் வாடிக்கையாளர் கைக்கே வந்துவிடும். டிரிகர் பாகங்களை மேக்னட்டிக் சக்கில் வைத்துச் சாணை பிடித்திருந்தாலும் இதே கதிதான்.

இரண்டாவது, வைத்திருக்கும் விதம். துப்பாக்கியைக் காந்தத்தில் ஒட்டிவைக்கும் பிடிகள் இப்போது விற்கின்றன. நண்பரிடம் விசாரித்ததில் அவருடைய அலமாரியிலும் அப்படி ஒன்று இருந்தது. அதற்கு மேல் நான் தேடவில்லை.

மூன்றாவது, சுடும் அதிர்வு. ஒவ்வொரு குண்டும் வெளியேறும்போது பேரலில் கடுமையான அதிர்வு போகிறது. கில்பர்ட்டின் கொல்லன் செய்ததையே அது கொஞ்சம் கொஞ்சமாகச் செய்கிறது. வடநாடுகளில் வருடக்கணக்கில் செங்குத்தாக நிறுத்திவைத்த பழைய துப்பாக்கியின் கீழ்முனை வடமுனையாக மாறியிருப்பதற்குப் பூமியின் சரிந்த புலமே போதுமான காரணம்.

குறி தவறுமா?

தவறாது. ஈயத்தையும் செம்பையும் காந்தம் இழுக்காது. தோட்டா பேரலில் இருக்கும் நேரமும் ஒரு விநாடியில் மிகச் சிறிய துளி. பாதிப்பு வேறு இடத்தில் இருக்கிறது. இரும்புத்தூள் டிரிகர் பாகங்களிலும் ஃபயரிங் பின் துளையிலும் சேர்ந்து எண்ணெயோடு குழம்பாகி, தேய்மானத்தைக் கூட்டும். இன்னொன்று திசைகாட்டி. காந்தம் ஏறாத துப்பாக்கியும் வெறும் இரும்பாக இருப்பதாலேயே முள்ளைத் திருப்பும். அமெரிக்க ராணுவத்தின் வரைபடப் பயிற்சிக் கையேடு, திசைகாட்டியைத் துப்பாக்கியிலிருந்தும் இரும்புத் தலைக்கவசத்திலிருந்தும் குறைந்தது அரை மீட்டர், எந்திரத் துப்பாக்கியிலிருந்து 2 மீட்டர், டாங்கியிலிருந்து 18 மீட்டர் தள்ளி வைக்கச் சொல்கிறது.

துரு சீக்கிரம் பிடிக்குமா? எஃகு பலம் இழக்குமா?

எஃகின் பலம், கூர், பதம் எதுவும் மாறாது. துருப்பிடிப்பதும் காந்தத்தால் அல்ல. ஒட்டிக்கொண்ட தூள் ஈரத்தைப் பிடித்துவைத்தால் அந்த இடத்தில் துரு வரும், அவ்வளவுதான்.

காந்தத்தை எப்படி இறக்குவது?

ஏசி கரண்ட் ஓடும் காயில்தான் சரியான வழி. டிமேக்னடைசர் என்று மேசையில் வைக்கும் பெட்டியாகவும், நடுவில் துளையுள்ள காயிலாகவும் விற்கிறார்கள். நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ் என்பதால் காயிலுக்குள் காந்தத்தின் திசை விநாடிக்கு நூறு தடவை புரளும். கருவியை உள்ளே வைத்தால் அதன் டொமைன்களும் கூடவே புரளும். கருவியை மெதுவாக வெளியே இழுத்தால், ஒவ்வொரு புரட்டலும் முந்தையதை விடக் கொஞ்சம் பலம் குறைந்து, கடைசியில் எந்தப் பக்கமும் சாயாமல் நிற்கும். மூன்று விநாடி எடுத்து இழுத்தால் முந்நூறு புரட்டல். இந்த மெதுவான இழுப்பில்தான் முழு வேலையும் நடக்கிறது.

செய்முறை இதுதான். ஸ்விட்சைப் போடுங்கள். கருவியை நீளவாக்கில் காயிலுக்குள் விடுங்கள். கையில் ஒரு ரீங்காரம் தெரியும். இரண்டு விநாடி பொறுத்து, நேராக, சீராக, கை முழுக்க நீளும் தூரத்துக்கு இழுங்கள். அதற்குப் பிறகுதான் ஸ்விட்சை அணைக்க வேண்டும். பத்தில் ஒன்பது பேர் செய்யும் தப்பு, கருவி உள்ளே இருக்கும்போதே அணைத்துவிடுவது. அணைத்த கணத்தில் புலம் எந்தப் பக்கம் இருந்ததோ அந்தப் பக்கமே காந்தம் முழுசாகத் தங்கிவிடும். முன்னால் இருந்ததை விட மோசமாக ஏறிய பிட்டை நான் பார்த்திருக்கிறேன்.

காயிலைக் கிழக்கு மேற்காக வைத்துக்கொண்டால் பூமியின் புலம் மறுபடி ஏற்றாது. பிட்டுகளைக் கட்டாகக் கட்டி உள்ளே விடாதீர்கள், நடுவில் இருப்பதை வெளியில் இருப்பவை மறைத்துவிடும். தடியான ஜாப் என்றால் 50 ஹெர்ட்ஸ் புலம் மேல்தோலில் சில மில்லிமீட்டர்தான் இறங்கும். அதற்கு டிசி கரண்டையே மெதுவாகத் திசைமாற்றிக் குறைத்துக்கொண்டு போகும் மெஷின் வேண்டும்.

மோட்டார் காயில் கட்டும் கடைகளில் பழைய ஸ்டேட்டரை இதற்குப் பயன்படுத்துவதைப் பார்க்கலாம். ரோட்டர் இல்லாத ஸ்டேட்டர் கூடுதல் கரண்ட் இழுத்துச் சூடாகும். கரண்ட் வேலை தெரிந்தவர் செய்யட்டும், அவரும் சில விநாடிக்கு மேல் ஓட விடக் கூடாது. இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்கள் இந்தக் காயில் பக்கமே வர வேண்டாம். கைக்கடிகாரம், ஏடிஎம் கார்டு, போன் எல்லாவற்றையும் தள்ளி வையுங்கள்.

துப்பாக்கி என்றால் முதலில் குண்டு இல்லை என்று உறுதி செய்துகொண்டு, உரிமம் பெற்ற கன்ஸ்மித்திடம் கொடுப்பதே முறை. நண்பரும் அப்படித்தான் செய்தார்.

கடையில் காந்தம் ஏற்றி இறக்க என்று கிடைக்கும், துளை வைத்த சின்ன பிளாஸ்டிக் கட்டி உதவுமா?

திருப்புளிக்குப் போதும். அதில் உள்ளது நிரந்தரக் காந்தம். துளை ஏற்றுவதற்கு, படிக்கட்டுப் போல வெட்டிய மறுபக்கம் இறக்குவதற்கு. வலுக் குறைந்த எதிர்ப்புலத்தைத் தொட்டுக் காட்டிக் குறைக்கிறது, முழுக்க இறக்காது. மைக்ரோமீட்டருக்கும் டேப்புக்கும் அதை நம்ப வேண்டாம்.

சூடு காட்டினால் போகுமா? தட்டினால் போகுமா?

இரும்பு 770 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் காந்தத்தை அடியோடு விட்டுவிடும். ஆனால் அதற்கு வெகு முன்பே உங்கள் கருவியின் பதம் போய்விடும். கார்பன் ஸ்டீல் உளி 300 டிகிரியிலேயே மெத்தென்றாகத் தொடங்கும். ஆறும்போது வடக்கு தெற்காகக் கிடந்தால் கொஞ்சம் காந்தத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளவும் செய்யும். தட்டுவதால் ஓரளவு குறையும். தட்டுவதாக இருந்தால் கிழக்கு மேற்காகப் பிடித்துத் தட்டுங்கள். மைக்ரோமீட்டரைத் தட்டாதீர்கள்.

இறக்கிய பிறகு மறுபடி ஏறாமல் இருக்க என்ன செய்வது?

எங்கள் டூல் ரூமில் மேக்னட்டிக் பேஸ்களுக்கு வாசல் பக்கம் தனி மர அலமாரி போட்டுவிட்டோம். வேலை முடிந்ததும் ஸ்விட்சை ஆஃப் பக்கம் திருப்பி, அங்கேதான் வைக்க வேண்டும். அளவுக் கருவிகள் எதிர்ச்சுவரில், மரப்பெட்டியில். கிரைண்டரிலிருந்து இறங்கும் ஒவ்வொரு ஜாபும் டிமேக்னடைசர் வழியாகத்தான் அளக்கும் மேசைக்கு வரும். சனிக்கிழமை சாயங்காலம் ஒரு பையன் குண்டூசி டப்பாவோடு டேப்புகளை ஒவ்வொன்றாகப் பார்ப்பான், ஊசி ஒட்டினால் அது காயிலுக்குப் போகும்.